லூரை எதில் மாட்டுவது: இறுக்க முடிச்சு, வளைய முடிச்சு, ஸ்னாப், ஸ்விவல்

தூண்டில் கடையில் முதல் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வாங்குபவர் கையில் பெரும்பாலும் ஒரு பாக்கெட் ஸ்னாப் ஸ்விவலும் சேர்ந்தே வந்துவிடும். மேலே சுழலும் ஒரு சின்ன உருளை, அது ஸ்விவல்; கீழே ஊக்கு மாதிரி திறந்து மூடும் கம்பி, அது ஸ்னாப். முடிச்சு போடத் தெரிய வேண்டாம், லூரை நொடியில் மாற்றலாம் என்பதால் அதையே எல்லா லூருக்கும் மாட்டுகிறார்கள். இருக்கிற வழிகளிலேயே எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள லாயக்கில்லாதது அதுதான். தகடு சுழலும் ஸ்பின்னருக்கும் கரண்டி வடிவ ஸ்பூனுக்கும் பொருந்தும். சின்ன மீன் வடிவ மினோ, தவளை, தண்ணீரைத் தெறிக்கவிடும் பாப்பர், ரப்பர் போல மெத்தென்ற சாஃப்ட் பிளாஸ்டிக் என்று வந்தால் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்துவிடும். தண்ணீருக்குள் இந்த லூரின் மூக்கு எவ்வளவு தாராளமாக ஆட வேண்டும்? ஒரு பொழுதில் எத்தனை தடவை லூரை மாற்றப் போகிறீர்கள்? முதல் கேள்விக்கு விடை லூரின் வடிவத்தில் இருக்கிறது. இரண்டாவது, லீடரின் கணக்கு; லீடர் என்பது முதன்மைத் தூண்டில் நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டும் நரம்புத் துண்டு. ஒவ்வொரு தடவை வெட்டிக் கட்டும்போதும் 10 முதல் 15 செ.மீ. லீடர் போய்விடும்; வளைய முடிச்சுக்கு இன்னும் கொஞ்சம் கூடப் போகும். ஒரு மீட்டர் லீடர் ஐந்தாறு மாற்றத்தில் கையகலத்துக்குச் சுருங்கிவிடும். அதற்குப் பிறகு பிரெய்டையும் (பல இழை பின்னிய முதன்மை நரம்பு) லீடரையும் சேர்க்கும் எஃப்ஜி முடிச்சை மறுபடி போட வேண்டும். ஆடுகிற படகில், காற்றடிக்கும்போது, அந்த வேலை யாருக்கும் இனிக்காது.

மினோவுக்கும் கிராங்க்பெய்ட்டுக்கும் வளையம்

முன்னால் உதடு போன்ற தகடு வைத்த மினோவும் அதைவிடக் குண்டான கிராங்க்பெய்ட்டும் தலையை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு வருவதால்தான் மீன் அடிக்கிறது. 1936இல் பின்லாந்தில் லாரி ரப்பாலா தக்கையைச் செதுக்கித் தன் முதல் லூரைச் செய்தபோது, அவர் கொண்டுவரப் பார்த்தது அடிபட்ட சின்ன மீனின் இந்தத் தள்ளாட்டத்தைத்தான். அவருடைய பெயரிலேயே ஒரு வளைய முடிச்சு வழங்குவது தற்செயல் இல்லை. கழிமுகத்தில் கொடுவாவுக்குப் போடுகிறவர் 40 பவுண்டு இழுப்பைத் தாங்கும் லீடரை 8 செ.மீ. மினோவின் கண்ணில் (மூக்கில் நரம்பு கட்டும் கம்பி வளையம்) இறுக்கிக் கட்டினால், அந்தத் தடித்த நரம்பு மூக்கைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் பாதியாகும். முடிச்சு கண்ணின் ஒரு பக்கமாகச் சறுக்கி நின்றால் லூர் அந்தப் பக்கமே சாய்ந்து ஓடும். பலர் லூரைக் குறை சொல்லிக் கண்ணை வளைத்துப் பார்ப்பார்கள். தப்பு முடிச்சில் இருக்கும்.

லீடரை மெல்லியதாக்கித் தப்பிக்கவும் வழியில்லை. கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி வெட்டும், வாயின் உட்புறம் அரத்தைப் போலச் சொரசொரக்கும். 40 பவுண்டுக்குக் கீழே இறங்குவது சூதாட்டம். ஆகவே தடித்த லீடரும் வேண்டும், மூக்கும் ஆட வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தருவது நரம்பில் ஒரு சின்ன வளையம் விட்டுக் கட்டும் முடிச்சு. அமெரிக்கத் தூண்டில்காரர் லெஃப்டி கிரே பரப்பிய, நழுவாத வளைய முடிச்சு இதற்கு முதல் தேர்வு.

போடும் முறை இது. நரம்பின் முனையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. மேலே ஒரு ஒற்றை முடிச்சை இறுக்காமல் போடுங்கள். முனையை லூரின் கண்ணில் நுழைத்து, அந்தத் தளர்ந்த முடிச்சுக்குள் திரும்பக் கொண்டுவாருங்கள். எந்தப் பக்கமாக வெளியே வந்ததோ அதே பக்கமாகத்தான் உள்ளே போக வேண்டும்; மாறினால் முடிச்சு கோணலாக உட்கார்ந்து பலம் இழக்கும். இதைக் கற்கும்போது நடக்கிற தப்புகளில் பெரும்பங்கு இந்த ஒன்றுதான். அடுத்து முனையை மேலே போகும் நரம்பைச் சுற்றிச் சுற்றுங்கள். 8 பவுண்டு வரை 7 சுற்று, 10-12 பவுண்டுக்கு 5, 15 முதல் 40 வரை 4, 50-60க்கு 3, அதற்கு மேல் 2. நரம்பு தடிக்கத் தடிக்கச் சுற்று குறையும். கூடுதலாகச் சுற்றினால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முடிச்சு அரைகுறையாகவே இறுகும். கடைசியாக முனையை மறுபடி அதே தளர்ந்த முடிச்சுக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு, முதலில் முனையை மெதுவாக இழுத்துச் சுற்றுகளைச் சேருங்கள். பிறகு லூரை ஒரு கையிலும் நரம்பை மறு கையிலும் பிடித்து முழுவதும் இறுக்குங்கள்.

வளையம் 5 முதல் 8 மி.மீ. இருந்தால் போதும். முதலில் போட்ட ஒற்றை முடிச்சை, இறுக்குவதற்கு முன் கண்ணுக்கு அருகே தள்ளி வைத்துக்கொண்டால் இந்த அளவு கிடைக்கும். பெரிய வளையம் பாசியை அள்ளும், முன் பக்க ட்ரெபிள் ஹூக்கும் (மும்முனைக் கொக்கி) அதில் போய்ச் சிக்கும்.

ரப்பாலா முடிச்சும் கிட்டத்தட்ட இதே வழிதான். மூன்று சுற்றுக்குப் பிறகு முனை ஒற்றை முடிச்சுக்குள் திரும்பிவந்து, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒரு தடவை நுழையும். 20 பவுண்டு வரை அழகாக உட்காரும். 40 பவுண்டில் அது ஒரு உருண்டையாகத் திரண்டு, இறுக மறுக்கும். யூனி என்ற சறுக்கு முடிச்சை மட்டும் தெரிந்தவர்கள் அதையே வளையமாக நிறுத்தி வைப்பதும் உண்டு. பெரிய மீன் ஓடும்போது அது சறுக்கிக் கண்ணோடு ஒட்டிவிடும். மீனை எடுத்த பின் நகத்தால் பின்னே தள்ளலாம். ஆனால் சறுக்கிய இடத்தில் நரம்பு உரசிச் சூடாகியிருக்கும், மறுபடி கட்டுவதே நல்லது.

பிரெய்டில் நேரடியாக வளைய முடிச்சு வேண்டாம். அது துணி நூல் போலத் தொய்வதால் வளையம் நிற்காது, தன்னைத் தானே அறுத்தும் கொள்ளும். லீடரில் போட்ட வளையத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு: கண்ணில் உரசும் அடிப்பகுதி தேயும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் அந்த இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிடுங்கள்.

மினோ வாங்கும்போதே மூக்கில் ஸ்ப்ளிட் ரிங் (சாவிக்கொத்து வளையம் போன்றது) இருந்தால் வளையத்தின் வேலையை அது செய்துவிடும். நேரே அதில் இறுக்க முடிச்சு போடலாம். இரண்டு விஷயம் கவனம். ரிங்கின் கம்பி முடியும் இடத்தில் கூர்மையான படி இருக்கும், நரம்பு அந்த இடைவெளிக்குள் புகுந்தால் அறுபடும். முடிச்சைக் கம்பி இரட்டையாக இருக்கும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ரிங்கின் மேல் ஸ்னாப், ஸ்னாப்பின் மேல் ஸ்விவல் என்று சங்கிலி கட்டாதீர்கள். ஸ்னாப் போடுவதென்றால் ரிங்கைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

தவளைக்கும் பாசிக்கும் இறுக்க முடிச்சு

விரால் கதை வேறு. அல்லியும் ஆகாயத்தாமரையும் மூடிய ஏரியில் தவளை லூரை இலைமேல் இழுக்கும்போது மூக்கு ஆட வேண்டிய அவசியமே இல்லை. மூக்கருகே துருத்திக்கொண்டிருக்கும் எதுவும் பாசியை அள்ளும், அள்ளிய பாசியோடு வரும் தவளையை விரால் சீண்டாது. ஸ்னாப் இங்கே இரண்டு விதத்தில் கெடுதல். ஒன்று, அந்தப் பாசி. மற்றது, விரால் விழுங்கியதும் டிராக்கை (ரீலில் நரம்பு ஓடுவதைத் தடுக்கும் பிடி) இறுக்கி வைத்து முழு பலத்தோடு வெட்டி இழுக்கிறோமே, அந்த ஒரு உதறலில் மலிவான ஸ்னாப் வாய் திறந்துவிடும்.

ஆகவே 40 முதல் 50 பவுண்டு பிரெய்டை லீடர் இல்லாமல் நேராகத் தவளையில் பாலோமர் முடிச்சாகக் கட்டுவதுதான் சரி. பிரெய்டு செடித் தண்டை அறுத்துக்கொண்டு வரும், நைலான் லீடர் அதில் சுற்றிக்கொள்ளும். தண்ணீருக்கு மேலேயே நிற்கும் லூரில் நரம்பு மீனின் கண்ணுக்குத் தெரியுமோ என்ற கவலையும் குறைவு. 15 செ.மீ. அளவுக்கு நரம்பை இரட்டையாக மடித்துக் கண்ணில் நுழையுங்கள். அந்த இரட்டை நரம்பிலேயே ஒரு ஒற்றை முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். மிஞ்சும் வளையத்தை விரித்து, தவளை முழுவதையும் அதற்குள் புகுத்துங்கள். நனைத்து, இரண்டு நரம்பையும் சேர்த்து இழுங்கள். வளையம் கண்ணைத் தாண்டி முடிச்சின் மேலே போய் உட்கார வேண்டும். பாதியில் கண்ணுக்குக் கீழே மாட்டிக்கொண்டால் அவிழ்த்து மறுபடி போடுங்கள். இரட்டை நரம்பு ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்தாலும் அப்படியே. முனையை 3 மி.மீ. விட்டு நறுக்கினால் போதும்.

மூன்று ட்ரெபிள் ஹூக் தொங்கும் நீள லூருக்குப் பாலோமர் சரிவராது. லூர் வளையத்துக்குள் நுழையும்போது முட்கள் நரம்பைக் கீறும். அங்கே இறுக்க முடிச்சு தேவைப்பட்டால் யூனி போடுங்கள்: பிரெய்டுக்கு 8 சுற்று, 20 பவுண்டு வரை லீடருக்கு 5 அல்லது 6, 40க்கு 4. கிளிஞ்ச் முடிச்சு 20 பவுண்டு நைலான் வரை பழுதில்லை. பிரெய்டில் அது வழுக்கிக் கழன்றுவிடும், 30 பவுண்டுக்கு மேல் தடித்த நரம்பில் சுற்றுகள் ஒழுங்காகப் படியாது. யூனி கைவந்தவருக்கு கிளிஞ்ச் தேவையே இல்லை.

சாஃப்ட் பிளாஸ்டிக்கில் ஒரு பிரிவு உண்டு. துடுப்பு வால் மீன் வடிவத்தை ஜிக்ஹெட்டில் (ஈயத் தலை வைத்த கொக்கி) ஏற்றி நீந்த விடுவதென்றால் வளைய முடிச்சு. இறங்கும்போது தலை தாராளமாக ஊசலாடும். டெக்ஸாஸ் ரிக் என்ற அமைப்பில், நரம்பில் நழுவும் தோட்டா வடிவ ஈயம் கொக்கியின் கண்ணில் வந்து முட்டும், வளையம் இருந்தால் ஈயம் அதற்குள் புகுந்து சிக்கும். அங்கே இறுக்க முடிச்சு மட்டும்.

மேற்பரப்பில் இடமும் வலமுமாக நடக்கும் பென்சில் லூருக்கு வளையமோ ஸ்னாப்போ இரண்டும் சரி. அங்கே முடிச்சைவிட லீடரின் பொருள் முக்கியம். ஃப்ளோரோகார்பனின் அடர்த்தி சுமார் 1.78, நைலானுடையது 1.14. ஃப்ளோரோகார்பன் அமிழ்ந்து லூரின் மூக்கைக் கீழே இழுக்கும், நைலான் கிட்டத்தட்ட மேலேயே கிடக்கும். பிரெய்டை நேரே கட்டினால் லூரை நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் தொய்ந்து முன் ஹூக்கைச் சுற்றும். 50 செ.மீ. நைலான் லீடர் இரண்டு தொல்லையையும் தீர்க்கும்.

ஸ்னாப் எப்போது நியாயம்

புது இடத்தில் நின்று, எந்த ஆழம், எந்த நிறம் என்று தெரியாமல் அரை மணிக்கு ஒரு லூர் மாற்றும்போது ஸ்னாப்புக்கு ஈடு இல்லை. லீடர் குறையாது, இருட்டிலும் மாற்றலாம். மூக்கும் வளைய முடிச்சு அளவுக்கு ஆடும், ஸ்னாப்பின் அடி வட்டமாக இருந்தால். இந்த நிபந்தனையைக் கடையிலேயே பாருங்கள். அடி V போல ஒடுங்கியிருந்தால் லூரின் கண் அந்த மூலையில் போய் அமர்ந்து அசையாமல் நிற்கும்.

வகையில், தகட்டுக்குள் கம்பி மாட்டும் பழைய ஊக்கு வகையைத் தவிருங்கள். பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் கம்பி தகட்டை விட்டுக் கழன்றுவிடும். ஒரே கம்பியை வளைத்து, முனை தன் கம்பியிலேயே கொக்கி போட்டு நிற்கும் கிராஸ்லாக், கோஸ்ட்லாக், டுயோலாக் வகைகள் நம்பகமானவை. உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காத எஃகு என்று கேட்டு வாங்குங்கள். அளவு எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்ப வேண்டாம். பாக்கெட்டில் போட்டிருக்கும் கிலோவைப் பாருங்கள். 30 பவுண்டு பிரெய்டு என்றால் 13.6 கிலோ; 14-15 கிலோ தாங்கும் ஸ்னாப் போதும். டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரைதான் வைப்போம், அதாவது இங்கே மூன்றரை, நாலு கிலோ. 40 கிலோ ஸ்னாப்பை மாட்டுவதால் கூடுவது எடை மட்டும்.

அந்த எடை சின்ன லூரில் நன்றாகவே தெரியும். 4 கிராம் மினோவின் மூக்கில் அரை கிராம் கூடினால் அதன் எடையில் எட்டில் ஒரு பங்கு மூக்கில் மட்டும் ஏறிவிட்டது என்று பொருள். நிறுத்தினால் அந்தரத்தில் நிற்க வேண்டிய லூர் மூக்குக் குத்தி இறங்கும். 7 கிராமுக்குக் கீழே வளைய முடிச்சே மேல். 30 கிராம் பாப்பருக்கு, பாறை மீனுக்கு எறியும் உலோக லூருக்கு, ஸ்னாப்பின் எடை கணக்கிலேயே வராது.

லூரின் கண் தடித்து ஸ்னாப் கம்பி அதில் நெருக்கமாகப் போனால், மூடியும் மூடாமலும் நிற்கும். அது எந்த முடிச்சைவிடவும் மோசம். அந்த லூருக்கு ஒரு அளவு பெரிய ஸ்னாப்போ முடிச்சோ போடுங்கள். அடிக்கடி திறந்து மூடும் கம்பி களைத்துப்போகும். திறக்கும்போது துள்ளித் திரும்பவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலை பெரிதில்லை. ஸ்னாப் திறந்து மீன் போவது பெரும்பாலும் படகோரத்தில், லூர் மீனின் வாய்க்குக் குறுக்கே மாட்டி நெம்புகோலாக ஸ்னாப்பைத் திருகும்போது. அந்த நேரத்தில் நரம்பைக் கையால் பிடித்துத் தூக்காமல் வலையை நீட்டுங்கள். ஸ்னாப்பை லீடரில் கட்டப் பாலோமர்தான் சுலபம், புகுத்த வேண்டிய பொருள் சின்னது. வீட்டிலேயே நாலைந்து லீடரில் கட்டி வைத்துக்கொண்டு போகலாம்.

ஸ்விவல்: லூரில் வேண்டாம், மேலே

ஸ்பின்னரும் சில ஸ்பூன்களும் வரும் வழியெல்லாம் சுழலும். அந்த முறுக்கு நரம்பில் ஏறும். தொய்வான நரம்பு தூண்டில் கம்பின் முனையில் தானாகச் சுருண்டு பின்னிக்கொண்டால் முறுக்கேறிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம். இங்கே ஸ்விவல் அவசியம்தான். ஆனால் அதை மூக்கருகே வைக்காமல் 45 முதல் 60 செ.மீ. மேலே, பிரெய்டும் லீடரும் சேரும் இடத்தில் வையுங்கள். லூரில் வெறும் ஸ்னாப் போதும். அவசரத்துக்கு ஸ்னாப் ஸ்விவலை நேரே மாட்டினாலும் ஸ்பின்னர் மன்னித்துவிடும், மினோ மன்னிக்காது. சாதாரண பீப்பாய் ஸ்விவல் இழுப்பு ஏறியதும் சுழல மறுக்கும், குண்டு வைத்த பால் பேரிங் வகை அப்போதும் சுழலும். ஸ்விவல் கம்பின் வளையங்களுக்குள் போகாது என்பதால் லீடரைக் கம்பைவிட நீளமாக வைக்க முடியாது. நினைவில்லாமல் சுற்றி ஸ்விவலை முனை வளையத்தில் மோதவிட்டால் அதிலுள்ள பீங்கான் வில்லை விரிசல் விடும். ஏற்கெனவே முறுக்கேறிய நரம்பை, லூரைக் கழற்றிவிட்டு, ஓடும் படகின் பின்னாலோ ஓடும் ஆற்று நீரிலோ நீளமாக விட்டுச் சுற்றினால் முறுக்கு பெரும்பாலும் இறங்கிவிடும்.

ஆழத்தில் செங்குத்தாக இறக்கும் உலோக ஜிக்கில் வரிசை மாறக் கூடாது. லீடர் கட்டுவது மூட்டில்லாத திட வளையத்தில். அசிஸ்ட் ஹூக்கும் (சிறு கயிற்றில் தொங்கும் கொக்கி) அதே வளையத்தில். ஜிக்கை அந்த வளையத்தோடு இணைப்பது ஸ்ப்ளிட் ரிங். இப்படி இருந்தால் லூரை மாற்ற முடிச்சை வெட்ட வேண்டாம், ஸ்ப்ளிட் ரிங் பிளையரால் ரிங்கை விரித்து ஜிக்கை மட்டும் மாற்றலாம். மீனின் இழுப்பும் ஹூக்கிலிருந்து திட வளையம் வழியாக நேரே லீடருக்குப் போகும், ஸ்ப்ளிட் ரிங்மேல் விழாது.

வஞ்சிரமும் ஊளியும் வந்தால்

இந்த இரண்டின் பல்லுக்கு முன்னால் எந்த நைலான் முடிச்சும் சமம்: அறுந்துவிடும். 15 முதல் 30 செ.மீ. கம்பி லீடர் வேண்டும். ஒற்றை இழை எஃகுக் கம்பியைக் கண்ணில் நுழைத்து, இரண்டு கம்பியும் ஒன்றையொன்று சம அளவில் தழுவும்படி நாலைந்து முறுக்கு, பிறகு முனையைச் செங்குத்தாக மடக்கி நெருக்கமாக நாலைந்து சுற்று. ஒரு கம்பி நேராக நிற்க, மற்றது அதன்மேல் சுற்றியிருந்தால் அது முறுக்கே இல்லை. இழுத்தால் உருவிக்கொண்டு வரும். மிஞ்சும் முனையை வெட்டாதீர்கள், கைப்பிடி போல மடக்கி முன்னும் பின்னும் ஆட்டி ஒடியுங்கள். பிளையரால் வெட்டிய முனை மீசை போல நின்று கையைக் கிழிக்கும். கம்பியில் இயல்பாகவே வட்ட வளையம் அமைவதால் மினோவின் ஆட்டம் கெடாது. ஒரு மீனுக்குப் பிறகு கம்பி மடங்கி நெளிந்திருந்தால் நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம், அடுத்த தடவை அந்த இடத்தில்தான் ஒடியும். மேல் முனையில் போடும் ஸ்விவல் கறுப்பாக இருக்கட்டும். பளபளக்கும் ஸ்விவலை வஞ்சிரம் இரை என்று கடித்து, கம்பிக்கு மேலே நரம்பை அறுத்துவிடும்.

அறுந்த முனை சொல்வது

மீன் போன பிறகு நரம்பின் முனையைப் பார்க்காமல் புது லூரைக் கட்டாதீர்கள். முனை பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கிக் கழன்றது: சுற்று போதவில்லை, அல்லது முழுவதும் இறுக்காமல் எறிந்தீர்கள். சுருளாமல் முடிச்சு இருந்த இடத்தில் படக்கென்று அறுந்திருந்தால் சுற்றுகள் குறுக்காக விழுந்தன, அல்லது நனைக்காமல் இழுத்துச் சூட்டில் நரம்பு வெந்தது. முனைக்கு மேலே விரற்கடை நீளத்துக்குச் சொரசொரத்து வெளுத்திருந்தால் பாறையோ சிப்பியோ கொடுவாவின் வாயோ தேய்த்தது. முடிச்சு நல்லதுதான், லீடரைத் தடிக்கவையுங்கள். கத்தியால் வெட்டியது போலச் சாய்வாக இருந்தால் பல் அல்லது செவுள் மூடி. ஸ்னாப் மட்டும் வாய் திறந்து திரும்பி வந்திருந்தால் அதை நெருக்கி மூடி மறுபடி மாட்டாமல், அதே பாக்கெட்டில் மிஞ்சியவற்றையும் ஒவ்வொன்றாகப் பிளையரில் பிடித்து இழுத்துப் பாருங்கள்.